விடுதிக் குளியலறை ஒழுகுகிறது: பழைய டைல்ஸ் மேலேயே புதுசு ஒட்டலாமா?

கேள்வி:
மாணவர் விடுதி, கட்டி 35 வருடம். இரண்டாம் மாடிப் பொதுக் குளியலறைக்கு நேர் கீழ் அறையில் கூரை முழுக்க ஓதம். பூச்சு பெயர்ந்து இரண்டு இடத்தில் கம்பி தெரிகிறது. சங்கன் ஸ்லாப் (குழாய்களுக்காகப் பள்ளமாக இறக்கிக் கட்டி, மேலே நிரப்பிய தளம்), தண்ணீருக்கு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய். உடைக்க வேண்டாம், மேலேயே ஒட்டிவிடலாம் என்கிறார் மேஸ்திரி. சரிவருமா?

பதில் 1:
வேண்டாம் சார். ஒழுகல் அப்படியே இருக்கும், பாரம்தான் கூடும். முதலில் கீழ் அறையைக் காலி செய்து, கட்டுமானப் பொறியாளரிடம் ஸ்லாபைக் காட்டுங்கள்.

எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் உடைக்காதீர்கள். எல்லாக் குழாயையும் மூடி, தண்ணீர் லைனில் பிரஷர் கேஜ் மாட்டுங்கள். முள் இறங்கினால் ஒழுகல் ஜிஐ குழாய் லைனில்தான். இறங்காவிட்டால் தரையோ கழிவுக் குழாயோதான். குளியலறையைப் பூட்டிய பிறகும் சில நாள் சொட்டும். பள்ளத்து நிரப்பலில் ஊறிய தண்ணீர் அது, அதை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

பதில் 2:
பழைய தரையில் பெரும்பாலும் கோளாறு நானி ட்ராப்பைச் (தரைத் தண்ணீர் வடியும் வாய்) சுற்றித்தான். குழாய் ஸ்லாபைத் துளைக்கும் இடத்தில் வெறும் சிமெண்ட் கலவை அடைத்திருப்பார்கள். பிளாஸ்டிக்கோடு அது ஒட்டாது, காய்ந்ததும் சுருங்கி மயிரிழை இடைவெளி விடும். அந்த இடத்தைக் கொத்தியெடுத்து, சுருங்காத கிரவுட் (இடைவெளி அடைக்கும் குழம்புக் கலவை) ஊற்றுங்கள்.

சுவரும் தரையும் சேரும் மூலையைக் கலவையால் உருட்டிவிட்டு, நீர்க்கசிவைத் தடுக்கும் இரட்டைக் கலவை (பொடியும் திரவமும் கலப்பது) பாலிமர் பூச்சை இரண்டு கோட், ஒன்றுக்கொன்று குறுக்காக அடிக்கணும். சுவரில் 30 செ.மீ. ஏற வேண்டும், ஷவர் பக்கம் 180 செ.மீ. பூச்சு காய்ந்ததும் ட்ராப்பை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் கட்டி, கீழே போய்ப் பாருங்கள். இந்தச் சோதனை முடியாமல் ஒரு டைல் கூடப் பதிக்க விடாதீர்கள்.

கேட்டவர்:
நன்றி. பள்ளத்தைப் பழைய செங்கல் ஜல்லியாலேயே நிரப்பலாமா?

பதில் 2:
கூடாது, அது தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எடை குறைந்த கான்கிரீட் போடுங்கள். அதன் மேலும் ஒருமுறை பூச்சு வேண்டும். பள்ளத்தின் அடிமட்டத்தில் வெளிச்சுவர் வழியாக ஒரு சிறு வடிகுழாய் விட்டால், பின்னால் கசிவு வந்தாலும் வெளியே தெரிந்துவிடும். டைல்ஸ் வாட்டம் ட்ராப்பை நோக்கி மீட்டருக்கு 15 மி.மீ.

பதில் 1:
ஜிஐயை சிபிவிசிக்கு (சுடுதண்ணீர் தாங்கும் பிளாஸ்டிக் குழாய்) மாற்றினால் அதற்கான பசையையே வாங்குங்கள், பிவிசி பசை சுடுதண்ணீரில் விட்டுவிடும். சுவரை மூடும் முன் மறுபடி கேஜ் மாட்டிப் பாருங்கள்.