4எஸ் மோனோ படகு: மோட்டார் கொதிக்குது, முகப்பு துள்ளுது. 6எஸ் போட்டா சரியாகுமா?

தேவகோட்டை டீப்வீ

வணக்கம். கைமாறி வந்த ரேடியோ கன்ட்ரோல் மாடல் படகு, ஒரே ஹல் (உடல்) உள்ள மோனோ, ஃபைபர்கிளாஸ் டீப்-வீ (ஆழமான ‘வி’ வடிவ அடிப்பாகம்). நீளம் 760 மிமீ, பேட்டரியோடு எடை 2.4 கிலோ. மோட்டார் 3674 அளவு, 2000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு 2000 சுற்று), குளிர வைக்கத் தண்ணீர் ஜாக்கெட் இருக்கு. இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) 120 ஆம்பியர், பேட்டரி 4எஸ் (நாலு செல், 14.8 வோல்ட்) 5000 mAh. மோட்டாரிலிருந்து புரொப்புக்குப் போகும் வளையக்கூடிய ஃப்ளெக்ஸ் கேபிள் 4.76 மிமீ. புரொப் (புரொப்பெல்லர்) 45 மிமீ விட்டம், பிட்ச் விகிதம் 1.4 (ஒரு சுற்றுக்கு விட்டத்தைப் போல 1.4 மடங்கு முன்னேறும்).

பிரச்சினை மூணு. ரெண்டு நிமிஷ ஓட்டத்துக்கே மோட்டார் வெளிச்சட்டம் 95 டிகிரி காட்டுது. ஜிபிஎஸ் வேகம் 48 கிமீதான். முழு த்ராட்டில்ல முகப்பு தவளை மாதிரி துள்ளுது, வலப்பக்கம் சாயவும் செய்யுது. 6எஸ் (ஆறு செல் பேட்டரி) போட்டா வேகமும் வந்துரும், ஆம்பியரும் குறையும்னு ஒருத்தர் சொல்றார். செய்யலாமா? எப்படியும் முழுசாப் பிரிச்சுத்தான் ஆகணும், எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

பித்தளைக்குழாய்

6எஸ் வேண்டாம் தம்பி. வோல்டேஜை ஏத்தினா ஆம்பியர் குறையும்ங்கிறது கேவியையும் அதுக்கேத்த மாதிரி குறைச்சால்தான். அதே 2000 கேவி மோட்டாருக்கு 22.2 வோல்ட் கொடுத்தா சுமையில்லாத சுற்று 44,400. புரொப் கேட்கும் சக்தி சுற்றின் மும்மடிப் பெருக்கமாக ஏறும், 1.5 மடங்கு சுற்றுக்கு ஏறத்தாழ 3.4 மடங்கு சக்தி. முதல் ஓட்டத்திலேயே இஎஸ்சி புகைந்துவிடும்.

இப்போ இருப்பதையே கணக்குப் பாருங்க. 14.8 × 2000 = 29,600. சுமையில் 80 சதவீதம் என்று வைத்தால் 23,680. 45 மிமீ புரொப்பின் பிட்ச் 63 மிமீ. பெருக்கினால் மணிக்கு 89 கிமீ சொச்சம். அதில் 15 சதவீதம் நழுவல் (புரொப் தண்ணீரில் வழுக்குவது) போனாலும் 76 வரணும். உங்களுக்கு 48. இவ்வளவு பெரிய இடைவெளியை நழுவல் மட்டும் உண்டாக்காது. மோட்டாரின் சக்தி வழியிலேயே எங்கோ சூடாகிப் போகுது. அந்த வழியைச் சரிபண்ணாமல் பேட்டரியை மாற்றுவது வீண்செலவு.

முதல் சோதனை மேசையில். புரொப்பைக் கழற்றுங்க. கேபிளையும் உருவிட்டு, மோட்டாரை மட்டும் கால் த்ராட்டிலில் ரெண்டு மூணு விநாடி சுற்றி, வாட்மீட்டரில் ஆம்பியரைக் குறிச்சுக்குங்க. பிறகு கிரீஸ் தடவிய கேபிளைப் போட்டு, புரொப் இல்லாமல் அதே அளவு த்ராட்டிலில் பாருங்க. ஆம்பியர் இரண்டு மடங்கைத் தாண்டினால் கேபிள் ஓடும் பித்தளைக் குழாயிலோ ஸ்ட்ரட்டிலோ (பின்னால் புரொப் தண்டைத் தாங்கும் பிடி) பிடிக்குது. மோட்டார் தனியாக ஓடும்போதே அதிகம் இழுத்தால் பேரிங் துரு, இல்லைன்னா காந்தம் பலமிழந்தது. சாதாரண தர நியோடிமியம் 80 டிகிரியிலேயே தளரத் தொடங்கும். மோட்டார்களில் அதைவிட உயர்ந்த தரம்தான் போடுவார்கள், ஆனால் வெளிச்சட்டம் 95 என்றால் உள்ளே அதைவிட அதிகம்.

அடுத்து சீரமைப்பு. மோட்டார் மவுன்ட் திருகுகளைத் தளர்த்தி, காலெட்டையும் (கேபிளை மோட்டார் தண்டோடு பிடிக்கும் இணைப்பு) தளர்த்துங்க. கேபிள் முனை பக்கவாட்டில் துளியும் தள்ளாமல் காலெட்டுக்குள் தானாகப் போகணும். காலெட்டை முதலில் இறுக்கி, மோட்டார் அதன் போக்கில் உட்கார்ந்த பிறகுதான் மவுன்ட்டை இறுக்கணும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்றாங்க. காலெட்டுக்கும் குழாய் வாய்க்கும் இடைவெளி 10–15 மிமீ போதும். கூடினால் கேபிள் சாட்டையடிக்கும்.

பின்பக்கம் டிரைவ் டாகுக்கும் (புரொப்பைப் பிடித்துச் சுற்றும் துண்டு) ஸ்ட்ரட் புஷ்ஷுக்கும் (தண்டு சுழலும் உலோக உறை) நடுவே 3–4 மிமீ விடணும். சுமை ஏறும்போது கேபிள் முறுக்கி இறுகி நீளம் குறையும். இடைவெளி இல்லைன்னா டாக் புஷ்ஷில் உரசும், அதுவே நல்ல பிரேக். கையால் சுற்றினா லகுவாத்தான் இருக்கும், தண்ணீரில்தான் பிடிக்கும். அதனால பலர் கண்ணில் படுவதில்லை.

ஊருணிக்கரை

எங்கே ஓட்டுறீங்கன்னு சொல்லலையே. குடிநீர் எடுக்கும் ஊருணியாக இருந்தால் வேண்டவே வேண்டாம், கிரீஸ் மிதக்கும். குளிக்கிற ஊருணியிலும் ஒரு சிக்கல் உண்டு. நாலு பக்கமும் செம்புறாங்கல் படிக்கட்டு, அலை மோதித் திரும்பி வந்துக்கிட்டே இருக்கும். ரெண்டு சுற்றிலேயே நடுத்தண்ணி கொந்தளிச்சு, நல்லா ட்யூன் பண்ணின படகும் துள்ளும். அதைப் பார்த்து ஸ்ட்ரட்டைத் திருகினா தப்பான திசையில் போவீங்க. துள்ளலைச் சோதிக்கணும்னா தண்ணி அடங்கின முதல் ஓட்டத்தை மட்டும் கணக்கில் வைங்க.

சரிவான கரையுள்ள கண்மாயில் அலை கரையேறி அடங்கிரும். ஆனா ஐப்பசி, கார்த்திகை மழையில் வருவது செம்மண் கலங்கல். அந்த மண் குழாய்க்குள்ள இருக்கும் டெஃப்லான் லைனரையும் ஸ்ட்ரட் புஷ்ஷையும் அரத்தால் அராவின மாதிரி தேய்க்கும். தை பிறந்து தண்ணி தெளிஞ்சப்புறம் ஓட்டுங்க. கோடையில் மட்டம் இறங்கினா சீமைக்கருவேல மரத்தின் அடிக்கட்டைகள் தண்ணிக்கு ஒரு சாண் கீழேயே நிக்கும். ரடர் (சுக்கான்) பிராக்கெட்டில் ஒரு திருகு நைலானா இருக்கட்டும். முட்டினா அது உடைஞ்சு டிரான்சம் (படகின் பின்சுவர்) தப்பிக்கும். ஆடு மாடு இறங்குற நேரம், பிள்ளைகள் குளிக்கிற நேரம் படகைத் தண்ணியில வைக்கவே வேண்டாம்.

தேவகோட்டை டீப்வீ

நன்றி அண்ணே. பிரிச்சுப் பார்த்தேன். கேபிள் போட்டதும் ஆம்பியர் மூணு மடங்கு. லைனர் ஒரு பக்கம் தேய்ஞ்சு பித்தளை தெரியுது, குழாய் தரைக்கிட்ட ‘ட’ மாதிரி மடிஞ்சிருக்கு. மோட்டார் தனியா சரியாத்தான் சுத்துது. எடைமையம் டிரான்சத்திலிருந்து 195 மிமீ. அடியில இரும்பு ஸ்கேல் வெச்சா கடைசி 100 மிமீயில நடுவே அரை மிமீக்கு மேல வெளிச்சம் தெரியுது. ஹல்லை உடைக்காம குழாயை எடுக்க முடியுமா?

பித்தளைக்குழாய்

முடியும். குழாய்க்குள் பழைய இரும்புக் கம்பி ஒன்றைச் செருகி, வெளியே நீட்டிய பகுதியைச் சூடேத்துங்க. 80 வாட் சால்டரிங் அயர்னைக் குழாயிலேயே வைத்தாலும் சரி. எபாக்சி இளகும்போது இடுக்கியால் முறுக்கி இழுத்தால் வரும். டார்ச் நெருப்பு கூடாது, ஹல் கருகும். லைனரை முதலிலேயே உருவிடுங்க. டெஃப்லான் அதிகமாகச் சூடேறினால் வரும் புகை நல்லதில்லை.

புதிய குழாய் 7.1 மிமீ வெளிவிட்டம், 4.76 கேபிளும் லைனரும் அதில் அடங்கும். லைனரைச் செருகுமுன் வளைக்கணும். வளைக்கும் இடத்தை மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சி ஆறவிட்டு, உள்ளே காய்ந்த மெல்லிய மணலைக் கெட்டியாக நிரப்பி இரு வாயையும் அடைத்து, ஒரு தடித்த பைப்பின் மேல் வைத்து மெதுவாக வளையுங்க. ஒரே சீரான வில். மடிப்பும் ‘எஸ்’ வளைவும் இருக்கக் கூடாது. பிறகு மணலைத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஒரு மணல் துகள் கூட இல்லைன்னு பார்த்து லைனரை இறக்குங்க.

ஒட்டும்போது மோட்டார், காலெட், கேபிள், ஸ்ட்ரட் எல்லாம் மாட்டிய நிலையில்தான் குழாயை நிறுத்தணும். கெட்டி சூப்பர் க்ளூ இரண்டு சொட்டில் பிடிக்கவைத்து, கேபிளைக் கையால் சுற்றிப் பார்த்துத் திருப்தியானால் எபாக்சி. பித்தளையை 80 நம்பர் தாளால் சொரசொரப்பாக்கி ஸ்பிரிட்டில் துடைக்க மறக்காதீங்க. நம்ம வெயிலில் எபாக்சி டப்பாவில் போட்ட நேரத்துக்கு முன்பே இறுகும். விடியக்காலையில் கலக்குங்க, கொஞ்சமாகக் கலக்குங்க, கிண்ணத்தில் குவிக்காமல் தட்டில் பரப்புங்க.

ஸ்ட்ரட் புஷ் ஆடினால் காரைக்குடியில் ஒரு லேத் பட்டறையில் கன்மெட்டலில் (ஒரு வகை வெண்கலம்) கடைந்து வாங்கலாம். உள்விட்டம் தண்டைவிட 0.05 மிமீ கூடுதல் போதும். தண்டைக் கையோடு கொண்டுபோங்க. அளவைச் சொல்லிவிட்டு வந்தால் 0.2 விட்டுக் கடைந்து கொடுப்பாங்க.

கிரீஸ் தண்ணீரில் கரையாத மரைன் கிரீஸ். தெளிந்த தண்ணீரில் மூணு ஓட்டத்துக்கு ஒருமுறை கேபிளை உருவித் துடைத்துப் பூசணும், கலங்கலில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும்.

அரத்தாள்

ஹல்லும் புரொப்பும் என் பங்கு.

கடைசி 100 மிமீயில் உள்குழிவு இருப்பதைத்தான் ஹுக் என்பாங்க. அது முகப்பைக் கீழே அழுத்தி வேகத்தைத் தின்னும். வெளிப்புடைப்பு இருந்தால் நேரெதிர், முகப்பு தூக்கித் துள்ளும். உங்களுக்கு ஹுக் இருந்தும் துள்ளுதுன்னா முதல் காரணம் எடைமையம்தான். 195 என்பது நீளத்தில் 26 சதவீதம்கூட இல்லை. மோனோவுக்கு 30 சதவீதம், அதாவது 228 மிமீயில் தொடங்குங்க. பேட்டரியை முன்னால் தள்ளுங்க. ஈயக்கட்டி சேர்ப்பது கடைசி வழி. பேட்டரியை முன்னால் தள்ள ஒயரை நீட்டாதீங்க, இஎஸ்சியையும் சேர்த்து நகர்த்தி மோட்டார் ஒயரை நீட்டுங்க. பேட்டரி ஒயர் நீண்டால் இஎஸ்சியின் கப்பாசிட்டர் அலைமின்னைத் தாங்காமல் சூடாகி வெடிக்கும்.

குழிவை எபாக்சியில் மைக்ரோபலூன் (எடை குறைந்த நிரப்புப் பொடி) கலந்து நிரப்பி, தட்டையான கண்ணாடித் துண்டில் ஒட்டிய 220 தாளால் தேயுங்க. விரலால் தேய்த்தால் புதுக்குழிவு உண்டாகும். 400 வரை போதும், பளபளப்பு வேகம் தராது. டிரான்சம் விளிம்பும் ஸ்ட்ரேக் (அடிப்பாகத்தில் நீளவாட்டில் ஓடும் வரம்பு) விளிம்புகளும் கூர்மையாக இருக்கணும். உருண்டிருந்தால் தண்ணீர் ஒட்டிக்கொண்டு மேலேறி இழுக்கும். இந்த ஒரு வேலைதான் காசில்லாமல் கிடைக்கும் வேகம்.

45 மிமீ புரொப்பை எடுத்து வைங்க. பிட்ச் விகிதம் மாறாமல் விட்டம் கூடினால் சுமை ஏறத்தாழ ஐந்தாம் அடுக்கில் கூடும். 42-லிருந்து 45 போனாலே 40 சதவீதம் அதிகம். 42 மிமீ, 1.4 போடுங்க. பிட்ச் 58.8, உங்கள் சுற்றில் நழுவல் போக 71 கிமீ வரை எதிர்பார்க்கலாம்.

வாங்கிய புரொப்பை அப்படியே மாட்டாதீங்க. தண்ணீரைத் தள்ளும் குழிந்த முகத்தைத் தொடாமல், குவிந்த முகத்திலிருந்து மட்டும் முன்விளிம்பை மெலிதாக்குங்க: அரம், பிறகு 400, 800, 1200 தண்ணீர்த்தாள். காந்த பேலன்சரில் வைத்து எந்த இலை இறங்குதோ அதன் குவிந்த பக்கத்தைத் தேய்க்கணும். பெரிலியம் காப்பர் புரொப்பாக இருந்தால் தண்ணீரில் நனைத்தே தேயுங்க, அந்தத் தூள் நுரையீரலுக்கு விஷம். முடிந்ததும் அது கத்திதான். பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் படகைத் தூக்கக் கூடாது.

ஸ்ட்ரட்: தண்டின் மையம் கீல் (‘வி’ அடிப்பாகத்தின் நடுக்கோடு) அடிக்கோட்டுக்கு நேர், கோணம் அடிப்பாகத்துக்கு இணை. அங்கிருந்து ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். புரொப் முனை கீழே சாய்ந்தால் பின்புறம் தூக்கி முகப்பு அமுங்கும், மேலே போனால் முகப்பு எழும். வலப்பக்கச் சாய்வு: பின்னாலிருந்து பார்க்கப் புரொப் இடஞ்சுழியாகச் சுற்றினால் ஹல் எதிர்த்திசையில் உருளப் பார்க்கும், அதுதான். வலது ட்ரிம் டேபை (டிரான்சத்தில் உள்ள சிறு தகடு) அரை மிமீ இறக்குங்க. 1 மிமீயைத் தாண்ட வேண்டி வந்தால் பேட்டரியை இடப்பக்கம் கொஞ்சம் நகர்த்துவது மேல்.

ஊருணிக்கரை

தண்ணீர்க் குழாய் பத்தி யாரும் பேசலையே. ரடர் துளையில் பாசி அடைச்சா ஜாக்கெட் இருந்தும் இல்லாத கணக்குதான். ஓட்டத்துக்கு முன் சிரிஞ்சால் தண்ணி அடிச்சு வெளித்துளையில் வருதான்னு பாருங்க. ஒரே லைன்னா தண்ணி முதல்ல இஎஸ்சிக்கு, அப்புறம் மோட்டாருக்கு.

மிதப்புக்குத் தெர்மாகோல் வைக்கலாம், ஆனா பாலியஸ்டர் ரெசின் பட்டா கரைஞ்சிரும், எபாக்சி பட்டா ஒண்ணும் ஆகாது. ரெண்டு லிட்டர் அளவு முகப்பிலும் பக்கங்களிலும் அடைங்க. ரிசீவரை பலூனுக்குள்ள போட்டு வாயைக் கேபிள் டையால கட்டுறதுதான் இன்னிக்கும் மலிவான வாட்டர்ப்ரூஃப். ஃபெயில்சேஃப் (சிக்னல் போனா த்ராட்டிலை நிறுத்தும் அமைப்பு) நியூட்ரலுக்கு வருதான்னு கரையிலேயே டிரான்ஸ்மிட்டரை அணைச்சுப் பார்த்துருங்க.

பித்தளைக்குழாய்

இஎஸ்சி அமைப்பு: டைமிங் 7.5 டிகிரி, பிரேக் ஆஃப், கட்ஆஃப் செல்லுக்கு 3.4 வோல்ட். முதல் ஓட்டம் 45 விநாடி மட்டும், கரைக்கு வந்ததும் வெப்பமானியால் நாலு இடம் அளங்க: மோட்டார், இஎஸ்சி, பேட்டரி, கனெக்டர். மோட்டார் 80, இஎஸ்சி 70, பேட்டரி 55 தாண்டக் கூடாது. கனெக்டர் மட்டும் தனியாகச் சுட்டால் சால்டர் சரியில்லை. எல்லாம் கட்டுக்குள் இருந்தால் ஓட்ட நேரத்தை 30 விநாடி கூட்டுங்க. அப்படியும் மோட்டார் சுட்டால் 40 மிமீ புரொப்புக்கு இறங்குங்க.

சிக்ரி (காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கும் ஊர்ப்பக்கம் பேட்டரி பற்றிப் பேசக் கூச்சம்தான், இருந்தாலும்: 5000-இல் 4000 mAh என்று சார்ஜர் திரும்ப ஏற்றினால் அதுதான் எல்லை, அதற்கேற்ப டைமர் வைங்க. சூடு ஆறாமல் சார்ஜ் போடாதீங்க. வாரக்கணக்கில் ஓட்டப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி, வெயில் படாத அறையில். கார் டிக்கியில் விட்டுவிடாதீங்க.

தேவகோட்டை டீப்வீ

42 மிமீ புரொப் ஆர்டர் போட்டாச்சு, குழாய் வளைச்சாச்சு. மைக்ரோபலூன் இங்க கிடைக்கல, டால்க் பவுடர் கலக்கலாமா?

அரத்தாள்

கலக்கலாம். எடை கொஞ்சம் கூடும், தேய்க்கச் சிரமம், ஆனா அரை மிமீ குழிவுக்கு அது பெரிய விஷயமில்லை. வாசனை சேர்க்காத பவுடர் வாங்குங்க, எபாக்சி தேன் பதத்தைத் தாண்டிச் சரியாமல் நிற்கும் வரை சேருங்க. தேய்க்கும்போது மாஸ்க் கட்டாயம்.