‘கேதர்’ என்ற சொல்லுக்குத் தமிழில் உதவி வேண்டும்

நண்பர்களே, ஓர் ஆங்கிலச் சிறுகதையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ‘கேதர்’ என்ற ஒரே வினைச்சொல் பக்கத்துக்குப் பக்கம் வேறு முகம் காட்டுகிறது. ‘திரட்டு’, ‘சேகரி’ என்று அகராதி சொல்வது பாதிக்குக்கூடப் போதவில்லை.

மேகம் திரள்கிறது, ரயில் வேகமெடுக்கிறது, மேசையில் தூசி படிகிறது, கட்டியில் சீழ் கோக்கிறது. இவை தாமாகவே வந்து அமர்ந்தன. பாவாடை இடுப்பில் துணியைச் சுருக்கித் தைப்பதற்கும் அதே சொல்தான். நம் ‘கொய்’ நினைவுக்கு வந்தது. பூவையும் கொய்கிறோம், சேலையையும் கொய்து கொசுவம் வைக்கிறோம். எவ்வளவு அழகான பொருத்தம்! ஆனால் இன்றைய வாசகருக்கு அது புரியுமா? தையல் தெரிந்தவர்கள் இப்போது வழங்கும் சொல்லைச் சொல்லுங்கள்.

பெரிய சிக்கல் இதுதான். பெட்டிகள் கட்டியிருப்பதைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரர் ‘ஐ கேதர்’ (பார்த்ததை வைத்து ஊகிக்கிறேன் என்ற பொருளில்) என்று தொடங்கி, ஊருக்குக் கிளம்புவதைப் பற்றிப் பேசுகிறார். ‘கிளம்புகிறீர்களாமே’ என்றால் யாரோ சொல்லிக் கேட்டதாகிவிடும். ‘கிளம்புகிறீர்கள் போலிருக்கிறதே’ நெருங்கி வருகிறது. ஆனால் மூலத்தில் உள்ள மரியாதையான விலகல் அதில் இல்லை. நீங்கள் எப்படி எழுதுவீர்கள்?