34 கிலோ பேஸ் அம்பை விட்டுப் பாரமில்லாத செட்டுக்கு மாறலாமா? இரவல் வாங்கிய சின்ன அம்ப் பாதியில் நின்றுவிட்டது

கொக்குவில் பேஸ்:

எல்லோருக்கும் வணக்கம். 12 வருடமாக பேஸ் கிற்றார் வாசிக்கிறேன். கலியாண மண்டபம், கோயில் திருவிழாவின் இரவு இன்னிசை, ஞாயிறு சேர்ச் என்று மாதம் ஏழெட்டு நிகழ்ச்சி வரும். என்னிடம் இருப்பது 15 அங்குல ஸ்பீக்கர் போட்ட பழைய கொம்போ, அம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் இருப்பது. தராசில் வைத்துப் பார்த்தேன், 34 கிலோ. ஓட்டோவின் பின் சீற்றில் அதை ஏற்றினால் எனக்கு இடமில்லை. நான் மோட்டார் சைக்கிளில் பின்னால் போக வேண்டும். போன வருடம் ஒரு திருவிழா முடிந்து இரவு 2 மணிக்கு மேடையிலிருந்து இறக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. இனி 15 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

நல்லூர்த் திருவிழாவுக்கு அத்தான் ரொறன்ரோவிலிருந்து வருகிறார். பாரம் குறைந்த ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி அம்ப்) ஒன்று கொண்டுவரச் சொல்லலாம் என்று யோசனை. அதற்கு முதல் பழகிப் பார்க்க, நண்பரின் ஹெட் ஒன்றையும் (500 வாற், 3 கிலோகூட இல்லை) இரண்டு 10 அங்குல ஸ்பீக்கர் உள்ள பெட்டியையும் இரவல் வாங்கினேன். மானிப்பாய்ப் பக்கம் ஒரு கலியாணம். மண்டபம் பெரிது என்பதால் சேர்ச்சில் கிடந்த 12 அங்குலப் பெட்டியையும் சேர்த்துக் கொழுவினேன். 20 நிமிடம் வடிவாகப் போனது. அப்புறம் பாட்டின் நடுவே சத்தம் நின்று சிவப்பு லைற் எரிந்தது. ஐந்து நிமிடம் நிற்பாட்டிவிட்டுப் போட்டால் வரும், திரும்ப நிற்கும். மிச்சப் பாட்டுகளை நேரே மிக்சருக்குக் கொடுத்துத்தான் வாசித்தேன். என் விரல் போட்ட நோட் எனக்கே கேட்கவில்லை.

எங்கள் குழுவில் மூத்த அண்ணை ஒருவர், "பாரம் இல்லாத அம்பில பேஸ் நிக்காது தம்பி" என்கிறார். அது உண்மையா? அத்தானிடம் சொல்லவா, விடவா?

சுன்னாகம் பட்டறை:

தம்பி, அம்பைக் குறை சொல்ல முதல் இரண்டு காரியம் செய்து பாருங்கள். ஹெட்டின் பின்பக்கம், ஸ்பீக்கர் கொழுவும் இடத்துக்குப் பக்கத்தில், ஸ்பீக்கரின் மின்தடை குறைந்தது எத்தனை ஓம் இருக்க வேண்டும் என்று அச்சடித்திருக்கும். அதைப் பார்த்துச் சொல்லுங்கள். அடுத்தது, மல்ற்றிமீற்றரை எடுத்து இரண்டு பெட்டியையும் தனித்தனியாக அளந்து பாருங்கள், வயரை அம்பிலிருந்து கழற்றிவிட்டு. மீற்றரில் வருவது பெட்டியில் எழுதியிருப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். 8 ஓம் பெட்டி 6 சொச்சம் காட்டும், 4 ஓம் பெட்டி 3 சொச்சம் காட்டும்.

என்ன வயரால் கொழுவினீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

கொக்குவில் பேஸ்:

அண்ணை, ஹெட்டில் "குறைந்தது 4 ஓம்" என்று இருக்கிறது. நண்பரின் பெட்டி 3.4 காட்டுது. சேர்ச் பெட்டியும் 3.4. இரண்டையும் சேர்த்து அளந்தால் 1.7.

வயர், கிற்றாருக்குக் கொழுவும் அதே ஜாக் வயர்தான். அன்றைக்கு அது கையில் இளஞ்சூடாக இருந்தது இப்போது ஞாபகம் வருகிறது. நேற்று பிளக்கின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். நடுவில் தலைமுடி மாதிரி மெல்லிய கம்பி, அதைச் சுற்றி வலை. பற்றுவைத்த இடத்தில் பிளாஸ்டிக் உருகிக் கறுத்திருக்கிறது.

சுன்னாகம் பட்டறை:

காரணம் கிடைத்துவிட்டது. இரண்டும் 4 ஓம் பெட்டி. சமாந்தரமாகக் கொழுவினால் 2 ஓம். நாலுக்குக் குறையக் கூடாது என்று சொன்ன அம்பிடம் நீங்கள் இரண்டு மடங்கு கறண்ட் கேட்டிருக்கிறீர்கள். அது தன்னைக் காப்பாற்ற நின்றது. நிற்காமல் விட்டிருந்தால் நண்பருக்கு எரிந்த ஹெட்டைத்தான் திருப்பிக் கொடுத்திருப்பீர்கள். இரண்டு பெட்டி வேண்டுமென்றால் இரண்டும் 8 ஓமாக இருக்க வேண்டும். அப்போதுதான் சேர்ந்து 4 வரும்.

கிற்றார் வயரால் ஸ்பீக்கரைக் கொழுவவே கூடாது. அந்த மெல்லிய கம்பி மில்லிவோல்ற் கொண்டுபோகச் செய்தது. ஸ்பீக்கருக்குத் தடித்த இரட்டை வயர் வேண்டும். முடிந்தால் ஸ்பீக்கொன் பிளக் போடுங்கள், முறுக்கினால் பூட்டிக்கொள்ளும். மேடையில் யாராவது கால் தட்டினாலும் கழராது.

மூத்தவர் சொன்னதற்கும் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருடைய காலத்தில் அது உண்மைதான். 1969-இல் வந்த அம்பெக் எஸ்விரி 300 வாற் வால்வு அம்ப். அதன் ஹெட்டைத் தூக்கவே பலசாலி வேண்டும். எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் உள்ள அதன் பெட்டியும் அப்படித்தான். ஹெட்டின் பாரத்தில் பெரும்பங்கு இரும்பு. செக்கனுக்கு 50 தடவை மாறும் மெயின்ஸ் கறண்டை நேரே மாற்றும் ட்ரான்ஸ்போமருக்குப் பெரிய இரும்புக் கட்டி தேவை. இப்போதைய ஹெட்டில் ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை இருக்கிறது. அது கறண்டைச் செக்கனுக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி மாற்றுவதால் ட்ரான்ஸ்போமர் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் போதும். இப்போதைய ஹெட்டில் இருக்கும் கிளாஸ் டி என்ற அம்ப் வகையும் அதே மாதிரித்தான்: ட்ரான்சிஸ்டர் முழுதாகத் திறக்கும், முழுதாக மூடும், இடையில் நின்று சூடாகாது. அதனால் பெரிய அலுமினியச் சட்டமும் தேவையில்லை. சத்தத்துக்கும் குறைந்த இரும்புக்கும் சம்பந்தமே இல்லை.

பருத்தித்துறை நாலுகம்பி:

நான் ஐந்து வருடத்துக்கு முதல் மாறினேன். என் அனுபவத்தில் ஹெட் தேர்வு சுகம். மார்க்பேஸ் லிற்றில் மார்க் 3 என்றால் 4 ஓமில் 500 வாற், 8 ஓமில் 300. ட்ரேஸ் எலியட் எல்ஃப் ஒரு கிலோவும் இல்லை, 4 ஓமில் 200 வாற். கிற்றார் பையின் முன் பொக்கற்றுக்குள் போகும். கொம்போதான் பழக்கம் என்றால் ஃபென்டர் ரம்பிள் 100 கிட்டத்தட்ட 10 கிலோ, ரம்பிள் 500 ஏறக்குறைய 16 கிலோ. உங்கள் டொக்டர் சொன்ன கணக்குக்கு ரம்பிள் 500 கொஞ்சம் மேலே.

உண்மையில் யோசிக்க வேண்டியது பெட்டியைப் பற்றி. பெட்டி சின்னதாக இருக்க வேண்டும், ஆழமான பேஸ் வர வேண்டும், சத்தமும் கூட இருக்க வேண்டும் என்றால் மூன்றும் சேர்ந்து கிடைக்காது, இரண்டைத்தான் எடுக்கலாம். ஸ்பீக்கர் செய்கிறவர்கள் இதை ஹொஃப்மன் விதி என்பார்கள். பாரத்தைக் குறைக்க மட்டும் வழி உண்டு: சாதாரண ஃபெரைட் காந்தத்துக்குப் பதில் நியோடிமியம் காந்தம், எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகைக்குப் பதில் மெல்லிய பிளைவூட். விலை கூடும், ஆனால் இடுப்புக்கு விலை இல்லை. எம்டிஎஃப் எங்கள் ஊர் மாரியில் ஈரம் குடித்து ஓரம் ஊதிவிடும், நான் பட்டிருக்கிறேன்.

12 அங்குலம் ஒன்று, நியோடிமியம், 8 ஓம். இதைத்தான் சொல்வேன். பிறகு காசு வரும்போது அதே மாதிரி இன்னொன்று வாங்கி மேலே அடுக்கலாம், 4 ஓமாகும்.

அம்பில் பேஸ் குமிழைக் கூட்டுவதையும் கவனியுங்கள். ஆகத் தாழ்ந்த ஈ கம்பியை விரல் வைக்காமல் தட்டினால் 41 ஹேர்ட்ஸ், அவ்வளவு தாழ்ந்த சுரம். 3 டெசிபல் கூட்டினால் இரு மடங்கு வாற், 10 டெசிபல் கூட்டினால் பத்து மடங்கு. சின்னப் பெட்டியில் ஸ்பீக்கர் கூம்பு முன்னும் பின்னும் துள்ளி 'பொறுக் பொறுக்' என்று அழும். பேஸைக் குறைத்து நடுச் சுரத்தைக் கொஞ்சம் தூக்குங்கள்; மற்ற வாத்தியங்களுக்கு நடுவிலும் உங்கள் நோட் தெரியும். பெட்டியை நிலத்தில் வைக்காமல் கதிரையில் ஏற்றினால் சத்தம் காதுக்கு வரும், சீமெந்து மண்டபத்தின் முழக்கமும் குறையும்.

கோயில் இன்னிசைக்கு இவ்வளவும் தேவையில்லை. சவுண்ட்ஸ்காரரிடம் பெரிய சப் (தாழ்ந்த சுரத்துக்கான ஸ்பீக்கர்) இருக்கும். ஹெட்டின் டிஐ வாயிலிருந்து (மிக்சருக்கு நேரே கொடுக்கும் இடம்) அவருக்கு வயர் கொடுத்துவிட்டு, பெட்டியை உங்கள் காதுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டிஐ வயர் கொடுத்ததும் 'ம்ம்ம்' என்று இரைந்தால் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சை (டிஐ வயரின் கிரவுண்ட் தொடர்பை விடுவிப்பது) அழுத்திப் பாருங்கள்; மெயின்ஸ் பிளக்கின் எர்த் கம்பியை மட்டும் ஒருநாளும் கழற்ற வேண்டாம்.

ரொறன்ரோ கீபோட்:

தம்பி, அத்தானிடம் சொல்ல முதல் இதைப் படியுங்கள். கனடாவில் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். யாழ்ப்பாணத்தில் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். நான் ஊருக்கு வந்தபோது என் கீபோட்டின் அடப்டரை யோசிக்காமல் அண்ணா வீட்டில் சொருகினேன். 'பச்' என்று ஒரு சத்தம், கரிந்த மணம், அடுத்த நாள் நிகழ்ச்சிக்கு வேறொருவரின் கீபோட்.

கடையிலேயே ஹெட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 100 முதல் 240 வரை என்று இருந்தால் பிரச்சினையில்லை, பிளக் வயரை மட்டும் மாற்றினால் போதும். 115, 230 என்று சுவிட்ச் இருந்தால் முதல் அதைத் தள்ளி, அதில் சொன்ன பியூஸைப் போட்டுவிட்டுத்தான் சொருக வேண்டும். 120 மட்டும் என்றால் வாங்க வேண்டாம். குறைக்கும் ட்ரான்ஸ்போமர் வாங்கலாம்தான். ஆனால் அதுவே பல கிலோ, நீங்கள் தப்ப நினைக்கிற இரும்பு திரும்ப வந்துவிடும். லண்டனில் யாரும் இருந்தால் அதுவும் வழி. அங்கே 230 வோல்ற், ஊரிலும் இருக்கிற அதே 13 அம்பியர் சதுரப் பிளக்.

பெட்டியை இங்கிருந்து அனுப்ப வேண்டாம். விமானத்தில் காசு மினக்கேடு. கொழும்பில் தேடுங்கள்.

கொக்குவில் பேஸ்:

நன்றி அக்கா, நன்றி அண்ணைமார். சனிக்கிழமை சாவகச்சேரியில் கலியாணம். நண்பரின் பெட்டி ஒன்றை மட்டும், சுன்னாகம் அண்ணை சொன்ன மாதிரி தடித்த வயரும் ஸ்பீக்கொன் பிளக்கும் போட்டுக் கொழுவினேன். பெட்டியைக் கதிரையில் வைத்தேன். பேஸ் குமிழ் நடுவுக்குக் கீழே. மூன்று மணித்தியாலம் சிவப்பு லைற் எரியவே இல்லை. முடிந்ததும் ஹெட்டில் கை வைத்துப் பார்த்தேன், பால் போத்தல் சூடு. மூத்த அண்ணை இடையில் ஒருக்கா பக்கத்தில் வந்து நின்று கேட்டுவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

அத்தான் அனுப்பிய படம் இப்போதுதான் வந்தது. பின்பக்கத்தில் 100–240 என்று இருக்கிறது. வாங்கச் சொல்லிவிட்டேன். 12 அங்குல, 8 ஓம் பெட்டி ஒன்று, பிளைவூட்டில் செய்தது, கொழும்பில் பார்த்து வைத்திருக்கிறேன், 13 கிலோ. சேர்ச் பெட்டியின் பின்னால் "4 ஓம், தனியாக மட்டும் கொழுவவும்" என்று மார்க்கரால் எழுதி ஒட்டிவிட்டேன், அடுத்து எடுக்கிறவர் பார்க்கட்டும்.