தோள்வலி என்று தைலம் தேய்த்தோம், கல்லீரலில் இருந்தது சீழ்க்கட்டி

கோத்தகிரியிலிருந்து:

அப்பாவுக்கு வலது தோளில் வலி. 40 வருடமாகக் கொழுந்து மூட்டை சுமக்கிற தோள், வலிக்காமல் என்ன செய்யும் என்று தைலம் தேய்த்துவிட்டோம். நான்காம் நாள் ராத்திரி குளிர்காய்ச்சல், சட்டை நனைய வியர்வை. ஜூலை மழையில் இங்கே யாருக்குத்தான் காய்ச்சல் இல்லை? இருமலும் இருந்ததால் பக்கத்துக் கிளினிக்கில் நெஞ்சுச்சளி என்று மாத்திரை கொடுத்தார்கள். ஐந்து நாள் வீணாகப் போனது. சோறு இறங்கவில்லை, வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவும் முடியவில்லை.

குன்னூரில் ஸ்கேன் பார்த்த டாக்டர் முதலில் மெஷினைத் தொடவே இல்லை. விலா எலும்புகளுக்கு நடுவே ஒரே ஒரு விரலை வைத்து அழுத்தினார். அப்பா கட்டிலிலிருந்து எழுந்தே விட்டார். அப்புறம்தான் ஜெல் தடவினார். அந்தக் குளிரில் அது ஐஸ்கட்டி மாதிரி. "மூச்சை இழுத்துப் பிடிங்க ஐயா." திரையில் கல்லீரலின் வலது மடலில், மேலே உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) ஒட்டி, ஒரு கருப்பு உருண்டை. 8 சென்டிமீட்டர். உதரவிதானத்துக்கும் தோளுக்கும் நரம்பு கழுத்தில் ஒரே இடத்திலிருந்து வருகிறதாம், அதனால்தான் வலி தோளில் தெரிந்திருக்கிறது. இருமலுக்கும் அதே கட்டிதான் காரணம்.

குடலிலிருந்து கல்லீரலுக்குப் போன அமீபா என்ற கிருமி செய்த சீழ்க்கட்டி என்று, அதைக் கொல்லும் மெட்ரோநிடசோல் மருந்து 10 நாள். வாயெல்லாம் இரும்பு நக்கினது போல இருக்கிறது என்று அப்பா புலம்பினார். அது முடிந்து மூன்று நாள் ஆகும்வரை பிராந்தி தொடக்கூடாது என்றதற்குத்தான் இன்னும் அதிகப் புலம்பல். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டது.

கூடலூரிலிருந்து, ஓய்வுபெற்ற நர்ஸ்:

தம்பி, உங்கள் அப்பாவுக்கு ஊசி குத்தாமலே சரியானது நல்லது. கட்டி பெரிதாகி உடையும் போலிருந்தாலோ, மருந்துக்கு மசியாவிட்டாலோ ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியால் சீழை உறிஞ்சி எடுப்போம். நெத்திலி சாஸ் நிறம் என்று பாடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நெத்திலிக் கருவாடு தெரியும், சாஸை யார் கண்டது? எனக்குக் கெட்டியான சுக்குக்காபி மாதிரிதான் தெரிந்தது. நாற்றமும் அவ்வளவாக இராது. இன்னொன்று, கட்டி ஆறினாலும் குடலில் அமீபா மிச்சமிருக்கும். அதற்குத் தனி மாத்திரை எழுதியிருப்பார்கள், காய்ச்சல் போய்விட்டதே என்று அதை விட்டுவிடாதீர்கள்.

ஊட்டியிலிருந்து, ஸ்கேன் டாக்டர்:

இந்தக் கட்டி ஸ்கேனில் கறுப்பாக, வட்டமாக, உள்ளே மங்கலான புள்ளிகளோடு, பின்பக்கம் மட்டும் கூடுதல் வெளிச்சமாகத் தெரியும். ஆனால் முதல் சில நாட்களில் உள்ளே சீழ் இளகியிருக்காது, கெட்டியான கட்டி போலத் தோன்றி என்னையே ஏமாற்றியிருக்கிறது. அமீபாவா பாக்டீரியாவா என்பதை ஸ்கேன் மட்டும் சொல்லாது, அமீபாவை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மலத்தில் அமீபா தெரியவில்லை என்று நிம்மதியாகிவிடவும் முடியாது, பலருக்கும் அது மலத்தில் தென்படுவதில்லை. நான் அதிகம் பயப்படுவது இடது மடல் கட்டிக்கு. உடைந்தால் இதயத்தைச் சுற்றிய உறைக்குள் போகலாம்.

கோத்தகிரியிலிருந்து:

சார், மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனிலும் 4 சென்டிமீட்டர் இருக்கிறதே? வீட்டில் அம்மா அழுகிறார்.

ஊட்டியிலிருந்து:

காய்ச்சல், வலி இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறார் என்றால் பயம் வேண்டாம். ஆள் தேறிய பிறகும் கட்டி இருந்த குழி மாதக்கணக்கில் ஸ்கேனில் தெரியும். அதைத் துரத்திக்கொண்டு மாதாமாதம் ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை.

கோத்தகிரியிலிருந்து:

சாப்பாடா? நேற்றே மூட்டையைத் தூக்கிவிட்டார் சார். அதே தோளில்.