அகழ்கரை: ‘டைக்’ என்பதற்கு ஒரு பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் மைல் கணக்கில் ஓடும் தொல்பழங்கால மண்கரைகளை அங்கே பொதுவாக ‘டைக்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் எல்லை அரண், மண்மதில், நெடுவரப்பு, அகழி என்று நான்கு சொற்கள் இந்த இழையில் வந்திருக்கின்றன. நான்குமே எனக்கு உடன்பாடில்லை.

> எதிரியைத் தடுக்கக் கட்டியதுதானே? ‘அரண்’ என்று சொல்வதில் என்ன தயக்கம்?

தயக்கம் அந்தத் ‘தானே’யில்தான் இருக்கிறது. தென் இங்கிலாந்தில் டார்செட், ஹாம்ப்ஷயர் என்ற இரு கவுன்டிகள் (மாவட்டங்கள்) சேரும் இடத்தில், மார்ட்டின் டவுன் புல்வெளியை ஒட்டிப் பொக்கர்லி டைக் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் ஓடுகிறது. வடகிழக்கில் பள்ளம், அதையொட்டித் தென்மேற்கில் கரை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொல்லியலாளர் பிட் ரிவர்ஸ் அதைக் குறுக்கே வெட்டிப் பார்த்தபோது ரோமானியர் காலத்து நாணயங்கள் கிடைத்தன. ரோமானிய ஆட்சியின் கடைசிக் காலத்தில் எழுப்பிய தடுப்பு என்று அவர் முடிவு கட்டினார். பிற்பாடு வந்த ஆய்வுகள் அதன் தொடக்கத்தை வெண்கலக் காலத்தின் இறுதிக்கோ இரும்புக் காலத்தின் தொடக்கத்துக்கோ கொண்டுபோய்விட்டன. ரோமானியர் காலக் கடைசியில் அதை உயர்த்தி, குறுக்கே போன சாலையை மறித்ததும் உண்மைதான். ஆனால் அது ஆயிரம் ஆண்டு கழித்து அந்தக் கரைக்கு வாய்த்த வேலை. இப்போது அதன் ஒரு பகுதி இரு கவுன்டிகளுக்கும் எல்லைக்கோடு. எந்தக் காலத்து வேலையைப் பார்த்துப் பெயர் வைப்பது?

ஹாம்ப்ஷயரின் குவார்லி குன்று இன்னும் நல்ல சாட்சி. அதன் உச்சியில் இரும்புக் காலக் கோட்டை ஒன்று இருக்கிறது. சுற்றுவட்டாரத்திலிருந்து நீண்ட பள்ளங்கள் பல அந்தக் குன்றை நோக்கி ஏறி வருகின்றன. கோட்டையிலிருந்து பிரிந்துபோன காவல் கோடுகள் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். 1938இல் தொல்லியலாளர் கிறிஸ்டோபர் ஹாக்ஸ் தோண்டிப் பார்த்தபோது பள்ளங்கள் கோட்டைக்கு அடியில் புகுந்து செல்வது தெரிந்தது. பள்ளங்கள் முந்தியவை, கோட்டை பிந்தியது! நிலத்தைப் பங்கிட்ட கோடுகள் சந்தித்த இடத்தில்தான் பின்னால் வந்தவர்கள் கோட்டை கட்டியிருக்கிறார்கள். ‘அரண்’ என்று சொல்லிவிட்டால் இந்த வரிசை தலைகீழாகிவிடும்.

யார்க்‌ஷயர் வோல்ட்ஸ் மேட்டுநிலத்தில் பக்கத்துப் பக்கத்திலேயே பல கரைகளும் பள்ளங்களும் இணையாக ஓடுகின்றன. மேய்ச்சல் நிலத்தையும் கால்நடையின் போக்கையும் ஒழுங்குபடுத்த எழுந்தவை என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. மேலும், பத்துக் கிலோமீட்டர் கரைக்கு இரவு பகலாகக் காவல் போட அந்தச் சிற்றூர்களில் ஆள் ஏது? ‘மண்மதில்’ என்பதற்கும் இதே மறுப்புதான்.

அதற்காக ‘எல்லை’யை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்றால், அதுவும் வேண்டாம் என்பேன். எல்லையா, மந்தை வழியா, தடுப்பா என்பதுதான் இன்னும் நடக்கும் விவாதமே. கலைச்சொல் அந்த விவாதத்தில் முன்கூட்டியே தீர்ப்பு எழுதக் கூடாது. கண்ணுக்குத் தெரிவதைச் சொன்னால் போதும்.

‘வரப்பு’ காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் வரப்பு என்பது ஆண்டுதோறும் மண்வெட்டியால் அண்டை வெட்டிச் சீர்செய்வது, ஒரு காலடியில் தாண்டுவது. முன்னால் ‘நெடு’ சேர்த்தால் நீளம் கூடுமே தவிர உயரம் கூடாது. ‘அகழி’ கோட்டையைச் சுற்றி நீர் தேங்கும் பள்ளமாகவே மனத்தில் பதிந்துவிட்டது. அதே பொருளுக்கு இருந்த ‘கிடங்கு’ என்ற பழஞ்சொல்லை மீட்கலாம் என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். இன்று அதற்குள் நெல் மூட்டையை அடுக்கிவிட்டோம். இனிக் காலி செய்வது கடினம்.

இனி என் பரிந்துரை. இந்த அமைப்பில் பள்ளம் தனி, கரை தனி அல்ல. தோண்டிய மண்ணை ஒரு பக்கமாகவே வாரிக் கொட்டுகிறார்கள். கீழே பள்ளம், மேலே கரை, இரண்டும் ஒரே வேலையில் பிறந்தவை. தென் இங்கிலாந்தின் சுண்ணாம்பு மேட்டுநிலங்களில் மேல்மண்ணைக் கொஞ்சம் சுரண்டினாலே வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை வந்துவிடும். ஆகவே புதிதாக எழுந்தபோது கரை பச்சைப் புல்வெளியின் நடுவே வெளேரென்று தெரிந்திருக்கும். பிறகு ஒவ்வொரு பனிக்காலமும் பள்ளத்தின் விளிம்பை உதிர்க்க உதிர்க்க, அடியில் சுண்ணாம்புத் துணுக்கு, மேலே வண்டல், அதற்கும் மேலே புல் என்று பள்ளம் தானே மேடேறிவிடும். ஆங்கிலத்திலும் ‘டைக்’, ‘டிட்ச்’ (பள்ளம்) இரண்டும் ஒரே பழஞ்சொல்லிலிருந்து கிளைத்தவை. ஆனால் அவர்கள் பயன்பாட்டை அப்படியே பின்பற்றவும் முடியாது. பொக்கர்லிக்குப் பக்கத்தில் உள்ள ‘ஆக்லிங் டைக்’ ஒரு ரோமானியச் சாலை!

அதனால் ‘அகழ்கரை’ என்று வைக்கலாம் என்கிறேன்.

> அகழ்வது பள்ளத்தை அல்லவா, கரையை எப்படி அகழ முடியும்?

வினைத்தொகைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. உண்கலம் உண்பதும் இல்லை, உண்ணப்படுவதும் இல்லை. உண்பதற்கான கலம், அவ்வளவுதான். அகழ்ந்த மண்ணால் ஆன கரை அகழ்கரை. ‘கரை’ என்றால் நீர் நினைவுக்கு வரும் என்பது அடுத்த மறுப்பு. வேட்டிக்கும் கரை உண்டு. தஞ்சைப் பக்கத்தில் ஊர் நிலத்தின் பங்குக்கே கரை என்று பெயர், பங்கிடுவது கரையீடு. விளிம்பு, பங்கு என்ற சாயல்கள் சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன; ‘எல்லை’ என்று அடித்துச் சொல்லாமலே அவை வந்துவிடும்.

‘தொல்’ என்ற முன்னொட்டு வேண்டாம். வேல்ஸ் எல்லையோரம் எட்டாம் நூற்றாண்டில் எழுந்த ஆஃபா டைக்கையும் இதே சொல்லால் குறிக்க வேண்டியிருக்கும். காலத்தை வாக்கியத்தில் சொல்லிக்கொள்ளலாம். உழவில் கரை முழுக்கக் கரைந்து, வான்வழிப் படத்தில் பயிர் அடர்ந்த கோடாக மட்டும் பள்ளம் தெரியும் இடங்களுக்கு ‘அகழ்தடம்’. மலைமுகட்டின் குறுக்கே போடப்பட்ட குட்டையானவற்றுக்குக் ‘குறுக்குக்கரை’.

இதில் இடிக்கும் ஒன்று தென்மேற்கு இங்கிலாந்தின் டார்ட்மூர். அங்கே வெண்கலக் கால மக்கள் மேட்டுநிலத்தை இணைகோடுகளாகப் பிரித்துப் போட்ட தாழ்ந்த கல்வரிசைகளை உள்ளூரார் ‘ரீவ்’ என்கிறார்கள். பெரும்பாலும் கல்லைக் குவித்தவை, பள்ளம் வெட்டி எழுந்தவை அல்ல. எனவே அகழ்கரைக்குள் அடங்கா. ‘கற்கரை’ என்று எழுதிப் பார்த்தேன், ஆற்றுக்குக் கல் பாவியதுபோல் இருக்கிறது. இப்போதைக்கு ‘ரீவ்’ என்றே பதிந்துவைக்கலாம் என்பது என் எண்ணம். வேறு சொல் தோன்றுபவர்கள் இதே இழையில் எழுதுங்கள்.

அன்புடன்.