சுகர் என்றால் சொல்லலாம்

பீடிக்காரி மகன்:

எங்கள் ஊர் முக்கூடலுக்குப் பக்கம். தெருவில் பாதித் திண்ணைகளில் மடியில் சொளவோடு (முறம்) பெண்கள் இருப்பார்கள். எங்க அம்மையும் 30 வருஷமாகப் பீடி சுற்றுகிறவள். 2022-ல் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மைக்கு இருமல் பிடித்தது. புகையிலைத் தூள் நெடி என்றாள். தூதுவளை ரசம், கற்பூரவல்லிச் சாறு, மருந்துக்கடை டானிக் என்று இரண்டு மாதம் ஓடியது. சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல். ரவிக்கை தொளதொளத்துவிட்டது. உச்சிப்பொழுதில் புளியமரத்தடியில் பயந்திருப்பாள் என்று பெரியம்மை சொல்ல, இசக்கியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். திருநீறு போட்ட பூசாரிதான், "மைனி, இது பயந்த இருமல் இல்ல. எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. சளியக் குடுத்துப் பாத்துருங்க" என்றார். அவரை யாராவது மூடநம்பிக்கை என்று பேசினால் எனக்குக் கோபம் வரும்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" அம்மை வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய எண்ணம் (சுற்றிக் கொடுக்க வேண்டிய பீடிக் கணக்கு) போச்சு, கூலியும் போச்சு. எண்ணம் குறைந்தால் பீடிக்கடையில் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். இதையெல்லாம் அந்த மேசைக்கு முன்னால் நின்று எப்படிச் சொல்வது?

டிபி, அதாவது காசநோய் என்று தெரிந்தபோது அவள் அழக்கூட இல்லை. "கல்யாணம் முடியட்டும். யாருட்டயும் மூச்சு விட்றாத" என்றாள். ஆறு மாத மாத்திரை; அரிசிப்பானைக்குள் ஒளித்துவைத்தாள். இரண்டாம் நாள் சிறுநீர் சிவப்பாகப் போனதும் ரத்தம் என்று பயந்து மூன்று நாள் மாத்திரையை நிறுத்திவிட்டாள். ரிபாம்பிசின் என்கிற டிபி மருந்துக்கு அப்படித்தான் போகும். கொடுத்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அப்புறம் நர்ஸ் அக்கா வீட்டுக்கே வந்து பார்த்துப் பேசி, மறுபடி ஆரம்பிக்க வைத்தார். எதிர்வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்து, "என்ன மாத்திரைளா?" என்றதும் அம்மை சட்டென்று, "சுகருக்கு ஆச்சி" என்றாள். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீடு வீடாக வந்துகொண்டிருந்த சமயம், சந்தேகமே வரவில்லை. (டிபி என்றால் கூடவே சுகரும் பார்ப்பார்கள். அம்மைக்கு சுகர் கிடையாது.) ஆச்சி தன் சுகர் அளவைப் பெருமையாகச் சொல்லி, வெந்தயம் ஊறப்போடச் சொல்லிவிட்டுப் போனாள். எங்கள் தெருவில் சுகர் வசதிக்காரர்கள் நோய், அதற்கு மரியாதை உண்டு. நோயிலும் மேலத்தெரு கீழத்தெரு இருக்கத்தான் செய்கிறது.

சத்துணவுக்கென்று அரசாங்கம் அப்போது போட்ட மாதம் 500 ரூபாய் பேங்கில் விழுந்தது. முட்டை வாங்கச் சொன்னார்கள். தங்கச்சி கல்யாணச் சீட்டுக்குப் போனது.

பழைய லேப்:

தம்பி, நான் சளிப் பரிசோதனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெண்கள் டப்பாவில் எச்சில்தான் கொண்டுவருவார்கள். "காறித் துப்பத் தெரியாதா?" என்று நானும் கத்தியிருக்கிறேன். ஆம்பிளைகள் முன்னால் சத்தமாக இருமாதே, துப்பாதே என்று வளர்க்கப்பட்டவளை, பத்து ஆண்கள் வரிசையில் நிற்க டப்பாவைக் கொடுத்து இருமச் சொன்னால் வேறென்ன வரும்? எச்சிலில் கிருமி சிக்காது. ஒன்றுமில்லை என்று சீட்டு வாங்கிப் போய்விடுவாள், இருமல் அவளோடேயே போகும். ஒரு சிஸ்டர் எடுத்துச் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து டப்பாவை வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன். விடிந்ததும் வாய் கொப்பளித்துவிட்டு, கொல்லைப்பக்கம் போய், மூச்சை ஆழ இழுத்து இருமித் துப்பிக் கொண்டுவா தாயி என்பேன். நல்ல சளி வந்தது. விலாசம் கேட்டால் மட்டும் பக்கத்து ஊரைத்தான் சொல்வார்கள், அதை என்னால் மாற்ற முடியவில்லை.

மேலப்பாளையம் பேத்தி:

எங்க உம்மம்மாவும் பீடிதான். எக்ஸ்ரே எடுக்கிறவர் ஆண் என்று கேள்விப்பட்டே நாலு மாதம் போகவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டு அக்கா கூடப் போய்த் தடுப்புக்குப் பின்னால் நின்றார். அவ்வளவுதான் தேவைப்பட்டது, அந்த நாலு மாதமும் வீண். சரி, தங்கச்சி கல்யாணம் நடந்ததா?

பீடிக்காரி மகன்:

நடந்தது. அதற்குள் அம்மைக்கு நாலு மாத மாத்திரை முடிந்து, சளியிலும் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. பந்தியில் சம்பந்தியம்மாவே வந்து இலையில் பாயசம் ஊற்றப் போனார். எதிர்வீட்டு ஆச்சி பாய்ந்து வந்து கையைத் தடுத்தாள். "அவளுக்கு ஊத்தாதீங்க, சுகர்லா!" அம்மை ஒன்றும் பேசாமல் இலையை மூடிவிட்டு எழுந்தாள்.