மெல்லிசைக் கச்சேரியில் மறக்காத ஒரு நொடி: உங்களுடையது எது?

கடைசி வரிசை:
விருதுநகர் பங்குனிப் பொங்கல், 1984. எனக்கு எட்டு வயது. எந்தக் குழு என்று கேட்காதீர்கள், பேனர் நீல நிறம் என்பது மட்டும்தான் ஞாபகம். டூயட் பாட்டு. ஆண் பாடகர் பல்லவியை முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்க நகர்ந்தார். உடனே ஜானகி குரல். அச்சு அசல் ஜானகி. ஆனால் நடு மைக்கில் ஆளே இல்லை! நான் எழுந்து நின்று தேடுகிறேன், பின்னாலிருந்து "உக்காருடா, மறைக்குது" என்று சத்தம். அப்புறம்தான் கண்ணில் பட்டது. மேடை ஓரத்தில் டோலக்கை மடியில் வைத்துக்கொண்டு தடித்த மீசைக்காரர் ஒருவர். வாய் பாடுகிறது, கை அதுபாட்டுக்கு டோலக் வாசிக்கிறது, முகமோ பஸ்ஸுக்குக் காத்திருப்பவரின் முகம். அன்றைக்குப் பாடகி வந்து சேரவில்லை போல.

பாட்டி கண்ணை மூடித்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில், "அந்தப் பொம்பளப் புள்ள என்னமா பாடுச்சு" என்றாள். பாடியது மீசைக்காரர் என்றேன். பொய் சொல்கிறேன் என்று தலையில் ஒரு குட்டு. கடைசிவரை அவள் நம்பவில்லை. அந்தக் குட்டு எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்குமே, எழுதுங்கள். முழுக் கச்சேரி வேண்டாம்.

முல்லையாற்றுக்காரி:
உங்கள் பாட்டி எங்கள் தேனிப் பக்கம் பிறந்திருந்தால் நம்பியிருப்பார். இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசனின் குழு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடிய காலத்தில், சின்னப் பையனாக இருந்த இளையராஜாவே பெண் குரலில் பாடியவர்தான். எங்கள் அப்பாவுக்கு அதைச் சொல்லிச் சொல்லி அலுக்காது.

என் கதை வீரபாண்டி சித்திரைத் திருவிழா. பிளஸ் டூ பரீட்சை முடிந்திருந்த நேரம். விருப்பப் பாட்டுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தால் பாடுவார்கள் இல்லையா, நானும் எழுதினேன். தாள் கிடைக்காமல் நாள்காட்டியில் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் பாட்டின் முதல் வரியும் என் இனிஷியலும். வேறு ஒரு எழுத்து கிடையாது. தம்பியிடம் கொடுத்து அனுப்பினேன். கூட்டத்தில் கை மாறிக் கை மாறி மேடைக்குப் போனது. பாடகர் பிரித்துப் படித்தார். சிரித்தார். கீபோர்டுக்காரரிடம் நீட்டினார், அவரும் சிரித்தார். அப்புறம் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேறு பாட்டுக்குப் போய்விட்டார்.

என் பாட்டு கடைசிவரை வரவே இல்லை. அதில் சிரிக்க என்ன இருந்தது? தம்பி இன்று நாற்பதைத் தாண்டிய ஆள், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. இன்னமும் "சத்தியமா நான் ஒண்ணும் எழுதலக்கா" என்கிறான். அவன் சத்தியம் செய்யும் வேகத்தைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகமே வருகிறது.

எழுபதுகளின் பிள்ளை:
1978, காரைக்குடியில் என் அக்கா கல்யாண வரவேற்பு. கறுப்பாகத் தட்டையாக ஒரு பலகை, அதில் எட்டுக் கட்டம். ஒருவர் இரண்டு குச்சியால் தட்டுகிறார். ஒரு கட்டத்தில் டிரம் சத்தம், இன்னொன்றில் ஜால்ரா, இன்னொன்றில் பத்துப் பேர் சேர்ந்து கை தட்டும் சத்தம். தோலும் இல்லை, தகடும் இல்லை. சமையல்காரர்கள் கரண்டியோடு வெளியே வந்து நின்று பார்த்தார்கள். எங்கள் பெரியப்பா மேடைக்குப் பின்னால் போய், திரையைத் தூக்கி, உள்ளே யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று பார்த்தார். சத்தியமாகப் பார்த்தார். எனக்கு அன்று பாட்டு எதுவும் காதில் ஏறவில்லை, அந்தப் பலகை மட்டும்தான்.

சைடு ரிதம்:
அண்ணே, நீங்கள் சொல்வது ரிதம் பேட், தட்டினால் மின்சாரத்தில் சத்தம் தரும் பலகை. எட்டுக் கட்டம் என்றால் ரோலண்ட் கம்பெனியின் ஆக்டபேட், அது வெளிவந்ததே 1985இல். 78இல் காரைக்குடிக்கு எப்படி வரும்? பாங்கோஸையோ டிரம்ஸையோ பார்த்திருப்பீர்கள்.

சரி, என் பங்கு. தூத்துக்குடி மாதா கோயில் திருவிழா, 1991. எல்லோரும் பாடகரைப் பார்ப்பார்கள், நான் எப்போதும் ஓரத்தில் இருக்கும் ஆட்களைப் பார்ப்பேன். ஒருவர் கையில் டிரையாங்கிள், அதாவது கம்பியில் செய்த அந்த முக்கோணம். பாட்டு தொடங்கிச் சரணம் வரைக்கும் அவருக்கு வேலையே இல்லை. புல்லாங்குழல் முடிந்து இரண்டாவது சரணம் எடுக்கிற இடத்தில் ஒரே ஒரு 'டிங்'. அவ்வளவுதான் அவர் பாகம். கையைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்துப் புல்லாங்குழல்காரருக்கு உற்சாகம், கூட ஒரு சுற்று வாசிக்கிறார். இவர் கையை இறக்கினார். மறுபடி தூக்கினார். குழல் இன்னும் முடியவில்லை. மூச்சுக்கூட விடாமல் நிற்கிறார். முடிந்தது. டிங். அது எங்கே கேட்டது, நாதஸ்வரப் பந்தல் ஒரு பக்கம், ராட்டினம் ஒரு பக்கம். ஆனால் அவர் தனக்குத்தானே லேசாகத் தலையாட்டிக்கொண்டு கம்பியைத் துணியில் சுற்றி வைத்தார். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். பதினைந்து வருஷம் மேடைகளில் சைடு ரிதம். ஷேக்கர், கபாஸ், மணி, எல்லாம். என்னை ஒருவரும் கவனித்ததாக ஞாபகம் இல்லை.

எழுபதுகளின் பிள்ளை:
தம்பி, பாங்கோஸுக்கும் பலகைக்கும் வித்தியாசம் தெரியாதவனா நான்? 78தான். என் அக்கா கல்யாணம் எனக்குத் தெரியாதா?

சைடு ரிதம்:
கல்யாணம் உங்களுக்குத் தெரியும். பேட் எனக்குத் தெரியும். முதலில் வந்த ஆக்டபேடுக்குச் சொந்தக் குரல்கூடக் கிடையாது. ஒயர் போட்டு வேறொரு பெட்டியில் இணைத்தால்தான் சத்தமே வரும்.

மைக் செட் மாமா:
என் அனுபவம் இரண்டு வரி. சீரியல் செட்டும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே லைனில் கொடுத்துவிட்டேன். பல்பு மின்ன மின்ன ஸ்பீக்கரில் 'கொர்ர் கொர்ர்'. சோகப் பாட்டு. பாடகி திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

ஆகவே, கச்சேரி வைக்க நினைப்பவர்கள் கவனிக்கவும். விளக்குக்கு ஒரு ஜெனரேட்டர், ஒலிக்குத் தனி ஜெனரேட்டர். எர்த் சரியாக இல்லாவிட்டால் மைக்கில் உதடு பட்டதும் சுள்ளென்று இழுக்கும், விளையாட்டில்லை. கேட்க வருகிறவர்கள் ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் எதிரே குழந்தையோடு உட்காராதீர்கள். அங்கே பேஸ் நெஞ்சில் இடிக்கும், பாட்டு புரியாது, வீட்டுக்குப் போனபின் காதில் 'ஙொய்' என்று கேட்டால் காது கெஞ்சுகிறது என்று அர்த்தம். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் பெட்டியை இயக்கும் ஆளுக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவர் தன் காதுக்கு எது சரியோ அப்படித்தான் எல்லாவற்றையும் வைப்பார், ஆக மைதானத்திலேயே நல்ல இடம் அதுதான். குழுவுக்குச் சாப்பாடு கச்சேரிக்கு முன்னால் போடுங்கள், முடிந்தபின் அல்ல. அப்போது சாம்பார் தீர்ந்திருக்கும். ரூபாய் நோட்டைப் பாடகர் சட்டையில் ஊக்கால் குத்தாதீர்கள், கையில் கொடுங்கள். ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி கணக்கு, 2000ஆம் ஆண்டு விதி. வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் 12 மணிவரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. உங்கள் திருவிழா அதில் வருகிறதா என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். இப்போதெல்லாம் மைனஸ் டிராக்கை, அதாவது பாடகர் குரல் மட்டும் இல்லாத பதிவு இசையை, போட்டுவிட்டு நாலு பேர் வாசிப்பது போல ஆடுகிறார்கள். அதற்குக் குறைந்த கட்டணம் பேசுங்கள், கூச்சப்படாதீர்கள்.

முல்லையாற்றுக்காரி:
மாமா, ஞாபகத்தைச் சொல்லச் சொன்னால் டெண்டர் விட்டுவிட்டீர்கள்.

சைடு ரிதம்:
மைனஸ் டிராக்கில் நிற்கிறவர்களுக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் மாமா. முன்பு பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டவர்கள் இன்று நாலு பேருக்குத்தான் பணம் தருகிறேன் என்கிறார்கள். ஆடுகிறவர்களில் நானும் இருந்திருக்கிறேன். கையில் ஷேக்கர், அதற்கு மைக் கிடையாது. குலுக்கியபடி நிற்பேன்.

மைக் செட் மாமா:
தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் தம்பி. அந்த மைக்கைக் கழற்றச் சொன்னது என்னைப் போன்ற ஆட்கள்தான்.

கடைசி வரிசை:
அக்கா, நாள்காட்டித் தாள் என்றீர்களே. முன்பக்கத்தில் என்ன இருந்தது என்று பார்த்தீர்களா? எங்கள் வீட்டில் அதில்தான் பால் கணக்கு எழுதுவார்கள்.

முல்லையாற்றுக்காரி:
ஐயோ. அம்மா அதில்தான் அப்பாவுக்குக் குறிப்பு எழுதி வைப்பாள். "கடன்காரன் வந்தால் ஊரில் இல்லை என்று சொல்லவும்" என்ற மாதிரி. போச்சு. தம்பியிடம் முப்பது வருஷத்துக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருக்கிறது. கேட்க மாட்டேன்.

எழுபதுகளின் பிள்ளை:
இரண்டு நாளாகத் தூக்கம் இல்லாமல், பரணில் ஏறி ஆல்பங்களை இறக்கினேன். 78 பெரியக்கா கல்யாணம், அதில் நாதஸ்வரம் மட்டும். கச்சேரி வைத்தது சின்னக்கா கல்யாணத்துக்கு, 1987. சைடு ரிதம் தம்பி, நீங்கள் சொன்னதுதான் சரி.

ஆனால் ஒரு போட்டோ கிடைத்தது. மாப்பிள்ளையும் அக்காவும் கும்பிட்டு நிற்கிறார்கள், அவர்கள் தோளுக்குப் பின்னால் மேடையின் ஒரு மூலை. ஆள் முகம் விழவில்லை, முழங்கையும் இரண்டு குச்சியும் பலகையின் பாதியும்தான். அதிலிருந்து ஒரு ஒயர் இறங்கி, ஸ்டூல் மேல் துண்டு போர்த்திய ஒரு பெட்டிக்குள் போகிறது. பெரியப்பா தேடியது அந்தத் துண்டுக்கு அடியில் இருந்திருக்கிறது.